பழைய பிவாவை யாரிடம் காட்டுவது?

கே: தோக்கியோவில் வேலை பார்க்கிறேன். கோயில் சந்தையில் பேரிக்காய் வடிவில் ஒரு பழைய நரம்புக் கருவியை 12,000 யெனுக்கு வாங்கினேன். பிவா என்றார் விற்றவர். நான்கு நரம்பு, ஐந்து மெட்டு (நரம்பை அழுத்திப் பிடிக்கும் குறுக்குக் கட்டை). ஒரு மெட்டு கழன்று கிடக்கிறது. இது எந்த வகை? யாரிடம் காட்டலாம்?
- வாசகர், நிஷி-கசாய்

ப: நரம்பையும் மெட்டையும் எண்ணி எழுதியதற்கு நன்றி. பலர் "ரொம்பப் பழசு, என்ன விலை போகும்?" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

பழைய சத்சுமா வகை பிவாவுக்கு நான்கு நரம்பு, நான்கு மெட்டு. முகப்பும் முதுகும் முசுக்கொட்டை மரம் என்பதால் கையில் எடுத்ததுமே கனம் தெரியும். அரசவை இசையான காகாகுவில் வாசிப்பதும் நான்குக்கு நான்குதான். ஆனால் அது பெரியது, முகப்பின் குறுக்கே தோல் பட்டை ஓடும். நான்கு நரம்புக்கு ஐந்து மெட்டு என்றால் சிகுசென் அல்லது ஹெய்கே வகை. முகப்புப் பலகை மட்டும் வெளிறி, லேசாக இருந்தால் அது கிரி (பவுலோனியா) மரம், சிகுசெனின் அடையாளம். உங்களுடையது பெரும்பாலும் சிகுசென். மெய்ஜி காலத்தில் (1868-1912) ஃபுகுவோகா பக்கம் உருவாகி, பெண்கள் நிறையப் பேர் கற்றுக்கொண்ட வகை அது.

வயதைக் கடிதம் பார்த்துச் சொல்ல முடியாது. தோக்கியோவின் தோரனோமோன் பகுதியில் 1878-இல் தொடங்கிய இஷிதா பிவா கடை இருக்கிறது. பிவா செய்வதும் பழுது பார்ப்பதுமே அவர்கள் தொழில். முன்கூட்டியே பேசிவிட்டு எடுத்துப் போங்கள். கழன்ற மெட்டையும் ஒரு துணியில் சுற்றிக் கூடவே கொண்டுபோக வேண்டும். அது தொலைந்தால் புதிதாகச் செதுக்க வேண்டிவரும்.

கே: அந்த மாதிரி மெட்டை ஃபெவிக்விக் போட்டு ஒட்டினால் என்ன?
- வாசகர், யோகோஹாமா

ப: ஒட்டாதீர்கள். பழைய கருவிகளில் இருப்பது நம் ஆசாரிகள் காய்ச்சும் வஜ்ஜிரம் போன்ற விலங்குப் பசை. ஈரமும் சூடும் காட்டினால் மரம் நோகாமல் விட்டுக்கொடுக்கும். உங்கள் பசை மரத்தையும் பெயர்த்துக்கொண்டுதான் வரும்.

கே: வாங்கிய பிவாவில் எந்த நரம்பை மீட்டினாலும் ஜிர்ரென்று இரைகிறது. கிட்டார் கடையில் மெட்டைத் தேய்த்துச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், ஒசாகா

ப: கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த இரைச்சல்தான் பிவாவின் குரல். அதற்கு 'ஸாவாரி' என்று பெயர். மெட்டின் தலை கூர்மையாக இல்லாமல் தட்டையாக இருக்கும். அதிரும் நரம்பு அதை உரசியும் உரசாமலும் போகும்போது இந்த ஒலி பிறக்கிறது. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூலைச் செருகி ஜீவாளி பிடிக்கிறோமே, அதே சங்கதிதான். ஜீவாளி பிடிக்காத தம்புராவை யாராவது மேடையில் வைப்பார்களா?

நான் இதைத் தெரிந்துகொண்டது 35,000 யென் கொடுத்த பிறகு. நான் வாங்கிய சிகுசெனில் ஐந்து மெட்டுகளின் தலையில் இருந்த மூங்கிலையும் எனக்கு முன்னால் யாரோ அரம் போட்டு உருட்டியிருந்தார்கள். கிரி முகப்பில் வார்னிஷ் வேறு. 'முழுமையாகப் புதுப்பித்தது' என்று கடைக்காரர் அட்டை தொங்கவிட்டிருந்தார். மீட்டினால் ணங் என்று ஒரு சத்தம், அதோடு அடங்கிவிடும். வார்னிஷைச் சுரண்டினால் மரமும் போகும் என்று பழுது பார்ப்பவர் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று வந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. 'புதுப்பித்தது' என்று யார் சொன்னாலும் என்னென்ன செய்தீர்கள், எந்தப் பசை, எந்தப் பூச்சு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். அழுக்கோடும் உடைப்போடும் கிடப்பதை மீட்டுவிடலாம். தேய்த்துக் கெடுத்ததை மீட்க வழியே இல்லை.

கே: ஆன்லைன் ஏலத்தில் 'ஜங்க்' என்று போட்டிருந்த பிவாவை எடுத்தேன். முன்பக்கப் படம் மட்டும்தான் இருந்தது. வந்து பார்த்தால் முதுகில் நீள விரிசல். பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், நகோயா

ப: 'ஜங்க்' என்றால் உள்ளது உள்ளபடி, திருப்ப முடியாது என்று பொருள். முதுகுப் படம் ஒன்று கேட்டிருக்கலாமே! ஏலம் முடிவதற்குள் கேள்வி கேட்க இடம் கொடுத்திருக்கிறார்கள், அதைக்கூடப் பயன்படுத்தவில்லை. விரிசல் தெரிந்தே விற்றவர் மறைத்தார் என்று உங்களால் காட்ட முடிந்தால் மட்டும் 'ஜங்க்' என்ற வாசகம் அவரைக் காப்பாற்றாது.

கே: என் மனைவியின் பாட்டி ஃபுகுவோகாவில் தனியாக இருக்கிறார். பழைய துணி வாங்குவதாக வந்த ஒருவர், பாட்டியின் அம்மா வாசித்த பிவாவை 1,000 யெனுக்கு எடுத்துப் போய்விட்டார். ஐந்து நாளாகிறது. பாட்டி அழுதபடி இருக்கிறார்.
- வாசகர், கோபே

ப: பாட்டி மேல் ஒரு தவறும் இல்லை, முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள். கேட்காமல் வீட்டுக்கு வந்து பொருள் வாங்கிப் போகிறவர்களை 2013 முதல் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஒப்பந்தத் தாள் கைக்கு வந்த நாளையும் சேர்த்து 8 நாளுக்குள், காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். தாளே தரவில்லை என்றால் அந்த 8 நாள் இன்னும் தொடங்கவே இல்லை. துணி கேட்டு வந்தவர் பிவாவுக்குத் தாவியதும் தவறுதான். இன்றைக்கே 188-க்குப் போன் செய்யுங்கள், பக்கத்து நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். ரத்து செய்வதை எழுத்தில் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேறு கைக்கு விற்றுவிட்டால் மீட்பது கஷ்டம், அதனால் நாளைக்கு என்று தள்ள வேண்டாம். கருவி திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கே: சென்னைக்குக் கொண்டுவரலாமா?
- வாசகர், சைதாமா

ப: முகப்பில் உள்ள இரண்டு பிறை வடிவத் துண்டுகளும் பெரும்பாலும் யானைத் தந்தம். தந்தமா இல்லையா என்று பழுது பார்ப்பவர் பார்த்துச் சொல்லும்வரை விமானம் ஏற்றாதீர்கள்.