சிங்கப்பூரில் அதிகச் செலவில்லாமல் பல இன உணவுகளை எங்கே சாப்பிடலாம்?

இரண்டு நாள்தான் இருக்கப் போகிறீர்கள், கையிருப்பும் அளவானது என்றால் பல சிறு கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையங்களுக்கே (ஹாக்கர் சென்டர்) போய்விடுங்கள். குளிரூட்டிய உணவகங்கள் பலவற்றில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 சதவீத வரியும் பில்லில் ஏறும். அங்காடியில் பலகையில் போட்டிருப்பதுதான் விலை.

முதலில் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டிய தேக்கா அங்காடி. பிரியாணியும் தோசையும் ஊரிலேயே கிடைக்கும். இங்கே இந்திய ரோஜாக் கேளுங்கள். கண்ணாடிப் பெட்டியில் மாவில் தோய்த்துப் பொரித்த வடை, உருளைக்கிழங்கு, டோஃபு, இறால் எல்லாம் அடுக்கியிருக்கும். வேண்டியதைக் காட்டினால் நறுக்கி, வெள்ளரி, வெங்காயத்துடன் இனிப்பும் காரமும் கலந்த சிவந்த குழம்பு ஒரு கிண்ணத்தில் தருவார்கள். பெரும்பாலும் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் கடைகள். தமிழ்நாட்டில் தேடினாலும் இது அகப்படாது.

சீனக் கோழிச்சோற்றுக்கு மேக்ஸ்வெல் அங்காடி, மலாய்ச் சாப்பாட்டுக்கு கேலாங் சராய் அங்காடி. நல்ல கடைகளில் மதியத்திலேயே தீர்ந்துவிடும், சீக்கிரம் போங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸிலும் சம்பால் என்கிற மிளகாய் விழுது இருக்கலாம், அதில் பெரும்பாலும் பெலாச்சான் என்கிற இறால் விழுது உண்டு. சந்தேகமாக இருந்தால் சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் சைவ உணவகம் போதும்.

மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது, உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும். 2021 முதல் அது கட்டாயம்.