பழைய மோட்டார் ஹோமில் (தங்கும் வசதியுள்ள வண்டியில்) க்ரூஸ் கண்ட்ரோல் (ஆக்சிலேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓடவைக்கும் கருவி) வேலை செய்யவில்லை. அதையே சரிசெய்யலாமா, புதிதாக மாற்ற வேண்டுமா?

வள்ளியூரில் வண்டி வயரிங் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் 14 வருஷம் தம்மாமில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை. குளிர்காலம் வந்துவிட்டால் பாலைவனத்தில் போய்த் தங்குவதற்காக, வருஷம் முழுக்க நிறுத்திவைத்திருந்த பழைய அமெரிக்க மோட்டார் ஹோம்களை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். முதலில் ஏ.சி. குளிரவில்லை என்பார்கள், அடுத்தது க்ரூஸ் பிடிக்கவில்லை என்பார்கள். நம்மூரில் அந்த மாதிரி வண்டி அபூர்வம். ஆனாலும் போன வருஷம் திசையன்விளை அண்ணாச்சி ஒருவரின் பழைய டெம்போ டிராவலரில் க்ரூஸ் மாட்டிக் கொடுத்தேன். கட்டில், கேஸ் அடுப்பு எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிற வண்டி அது.

பழைய வேக்குவம் செட் என்றால் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், பாதிக்குப் பாதி சின்னக் கோளாறாகத்தான் இருக்கும். அதில் தேறவில்லை என்றால் கரண்டில் இயங்கும் மோட்டார் செட்டுக்கு மாறிவிடுங்கள். எதைப் போட்டாலும் சரி, வேகத்தைப் பிடிக்கிறதா என்று பார்ப்பதைவிட, பிரேக்கை மிதித்ததும் விடுகிறதா என்று பார்ப்பதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

வேக்குவம் செட்டில் என்ன நடக்கிறது என்றால், பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது மேனிஃபோல்டில் (என்ஜினுக்குள் காற்று போகும் குழாயில்) உண்டாகும் வேக்குவம், அதாவது உறிஞ்சும் பலம், ஒரு டப்பாவுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை இழுக்கும். டயாஃப்ரம் கேபிளை இழுக்கும், கேபிள் ஆக்சிலேட்டரை இழுக்கும். அவ்வளவுதான். முப்பது, நாற்பது வருஷ வண்டியில் முதலில் போவது ரப்பர். ஹோஸைக் கையால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள். பிறகு டப்பாவின் ஹோஸைக் கழற்றி, வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துக்கொண்டு பத்து வரை எண்ணுங்கள். கேபிள் இழுத்தது இழுத்தபடி நிற்க வேண்டும். மெதுவாகத் திரும்பினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் வேகம் இறங்குகிறது என்றால் அது கோளாறில்லை, அந்த முறையின் குணம். கனமான வண்டி ஏற்றத்தில் திணறும்போது ஆக்சிலேட்டர் முழுக்கத் திறக்கும், திறந்தால் மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்காது. பலம் தேவைப்படும் நேரத்தில் டப்பாவுக்குப் பலம் போய்விடும். காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழி பக்கம் ஆடிக் காற்றை எதிர்த்துப் போனாலும் இதே கதைதான். ஒருவழி வால்வோடு ஒரு வேக்குவம் டேங்க் வைத்தால் சிறிது தூரம் சமாளிக்கும். டீசல் வண்டியில் மேனிஃபோல்டு வேக்குவமே கிடையாது, பிரேக் பூஸ்டருக்கென்று (பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் கருவிக்கென்று) இருக்கும் பம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிரேக்குக்குப் போவதைப் பங்கு போட எனக்கு மனசு வராது. அதனால் டீசல் என்றால் மோட்டார் செட் மட்டுமே மாட்டுவேன்.

அண்ணாச்சி வண்டிக்கும் அதுதான். துபாயில் இருக்கும் அவர் மகன் லீவுக்கு வந்தபோது வாங்கிவந்திருந்தார். வயரெல்லாம் கொடுத்து, மகனை ஓட்டவிட்டு நாங்குநேரி வரை போய்ப் பார்த்தால் செட் ஆகவே மாட்டேன் என்கிறது. வயரை மறுபடி பிரித்துப் பார்த்தேன், எல்லாம் சரி. மத்தியானம் ஆகிவிட்டது. "ஏம்ப்பா, பய வாங்கிட்டு வந்தது டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்று அண்ணாச்சி கேட்டார். "இருங்க அண்ணாச்சி, பின்னால பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று வண்டிக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். மகன் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டார். மிதித்த கணம் பளிச்சென்று சிவப்பு, விட்ட கணம் சுத்தமாக இருட்டு. குண்டு பல்பு அப்படி அணையாது. இழை ஒரு நொடி சிவந்து, இழுத்துக்கொண்டுதான் அணையும். மூடியைக் கழற்றினால் இரண்டு பக்கமும் எல்.இ.டி. பல்பு, வண்ணார்பேட்டையில் வாங்கிப் போட்டதாம்.

க்ரூஸ் செட்டை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகளில் பல, பிரேக் லைட் வயரை எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கும். பிரேக் மிதிக்காதபோது அந்த வயருக்குப் பல்பின் இழை வழியாக எர்த் கிடைக்கும். மிதித்தால் 12 வோல்ட் வரும், பெட்டி உடனே ஆக்சிலேட்டரை விட்டுவிடும். எல்.இ.டி. வழியாக அந்த எர்த் வராது. 'பிரேக் வயர் அறுந்திருக்கிறது, மிதித்தால் எனக்குத் தெரியப்போவதில்லை' என்று எடுத்துக்கொண்டு, பெட்டி வேலைக்கே வராது. பத்திரத்துக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் பழைய 21 வாட் குண்டு பல்பைப் போட்டேன். அடுத்த ஓட்டத்தில் 60-ல் பிடித்து நின்றது.

பிரேக் லைட் வயர் ஒன்றை மட்டும் நம்பிவிடாதீர்கள். வேக்குவம் செட்டில் பெடலுக்குப் பக்கத்தில் ஒரு வால்வு இருக்கும். பெடல் இறங்கியதும் அது திறந்து காற்றை உள்ளே விட்டுவிடும். கரண்டே இல்லாவிட்டாலும் ஆக்சிலேட்டர் திரும்பிவிடும். பழைய வண்டியில் யாராவது அதைக் கழற்றி ஹோஸை அடைத்திருப்பார்கள், கட்டாயம் பாருங்கள். கிளட்ச் வண்டி என்றால் கிளட்ச் பெடலுக்கும் ஒரு சுவிட்ச் வேண்டும். இல்லையென்றால் கியர் மாற்றும்போது என்ஜின் அலறும்.

உங்களுடையது ஃபோர்டு என்றால் இன்னொன்று. ஃபோர்டில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) பக்கத்தில் க்ரூஸை விடுவிக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. பல மாடல்களில் சாவியை எடுத்த பிறகும் அதில் கரண்ட் நிற்கும். பிரேக் ஆயில் உள்ளே கசிந்தால் நிறுத்திவைத்த வண்டியிலேயே தீப்பிடிக்கும். இதற்காக 1999 முதல் 2009 வரை பல தவணைகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. மோட்டார் ஹோம் கட்டப் பயன்படும் ஈ-சீரிஸ் வேன்களும் அதில் உண்டு. ஃபியூஸ் வைத்த வயர் ஒன்றை நடுவில் சேர்த்துத் தருவார்கள். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

வேகத்தைச் சொல்லும் சிக்னலுக்குப் பழைய வண்டியில் ப்ரொபல்லர் ஷாஃப்டில் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் சுழலும் தண்டில்) காந்தம் கட்ட வேண்டும். நேர் எதிரெதிராக இரண்டு, அப்போதுதான் ஷாஃப்ட் ஆடாது. காந்தத்தைப் பார்க்கும் காயிலை கியர் பாக்ஸ் முனையில் வையுங்கள், பின் ஆக்சில் பக்கம் ஸ்பிரிங்கோடு ஷாஃப்ட் ஏறி இறங்கி இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். 1973 முதல் 1978 வரை வந்த ஜி.எம்.சி. மோட்டார் ஹோம் முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டி, அதில் ப்ரொபல்லரே கிடையாது. முன் ஆக்சில் ஷாஃப்டில்தான் கட்ட வேண்டும்.

இந்தக் கருவியைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் பார்வை இழந்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வண்டி விட்டுவிட்டு ஓடுவதை உடம்பால் உணர்ந்தே இதை யோசித்தார் என்பார்கள். 1950-ல் காப்புரிமை வாங்கினார், 1958-ல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் வந்தது. சோதனை ஓட்டத்தில் நானும் வேறு யாரையாவது ஓட்டவிட்டு, மீட்டரைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். வண்டி மூச்சு வாங்குவது போல முன்னும் பின்னும் ஊசலாடினால் கேபிளில் தளர்ச்சி அதிகம். ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குத் தளர்ச்சி போதும்.

மாட்டியதும் காலி ரோட்டில் 50-ல் செட் செய்து, பெடலில் காலின் பாரத்தை மட்டும் வையுங்கள். பிரேக் பிடிக்கும் முன்பே க்ரூஸ் விட்டிருக்க வேண்டும். பிறகு கிளட்ச், பிறகு ஆஃப் சுவிட்ச். அண்ணாச்சி வண்டியில் பத்துத் தடவை பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். கொடுக்கும்போது இரண்டு இடத்தில் போடக்கூடாது என்றும் சொன்னேன். ஒன்று, ஆடி மாதம் காவல்கிணறு பக்கம். உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது நம் கால் தானாக ஆக்சிலேட்டரை விடும், க்ரூஸ் விடாது. இன்னொன்று, குற்றாலம் போகையில் சாரல் விழுந்த ரோடு.

வண்டி மாடல், பெட்ரோலா டீசலா, கிளட்ச் உண்டா, பின்னால் என்ன பல்பு என்று சொல்லுங்கள். எந்த வயரை எங்கே எடுக்கலாம் என்று எழுதுகிறேன்.