ஈக்குட்டி

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆங்கிலத்தின் ‘மஸ்கிட்டோ’, சமஸ்கிருத ‘மசக’த்திலிருந்து போன சொல்லாம். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. உண்மையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஸ்பானிய மொழியில் மோஸ்கா என்றால் ஈ. பின்னால் ‘இத்தோ’ ஒட்டினால் சின்னது என்று பொருள். மோஸ்கீத்தோ, அதாவது ஈக்குட்டி. மோஸ்காவின் தாய் லத்தீன் முஸ்கா. லத்தீனும் சமஸ்கிருதமும் தூரத்து உறவு, சரி. அதற்காக ஒரு வீட்டுப் பிள்ளையை இன்னொரு வீட்டு ரேஷன் கார்டில் சேர்க்க முடியாது.

ஆங்கிலேயர் இதை 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பழைய சொல் ‘நாட்’. கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்று இயேசு திட்டுகிறாரே, 1611இன் ஆங்கில பைபிளில் அந்த இடத்தில் இருப்பது நாட்தான்.

இதே ஈயின் இத்தாலியக் கிளை துப்பாக்கியாகிவிட்டது. மொஸ்கெத்தோ என்று குறுக்குவில்லின் அம்பைச் சொன்னார்கள், அதுவே பிறகு மஸ்கெட் ஆனது. சிரிக்காதீர்கள், ஈழத்தில் ஹெலிகாப்டருக்குப் பெயர் உலங்கு வானூர்தி. உலங்கு என்றாலும் கொசுதான்.

ஆனால் எனக்குப் பிடித்தது கிரேக்கக் கொசு. அதன் பெயர் கோனோப்ஸ். கொசுவலை கட்டிய கட்டில் கோனோபெயோன். ரோமானியருக்கு இது சொகுசுக்காரர்களின் சமாசாரம். கிளியோபாட்ராவிடம் வேலை பார்த்த ரோமானியச் சிப்பாய்களைப் பழிக்கும் லத்தீன் கவிஞர் ஹோரஸ், போர்க்கொடிகளுக்கு நடுவே கொசுவலை தொங்குகிறதே என்று தலையில் அடித்துக்கொள்கிறார். அந்தச் சொல் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘கேனப்பி’, மேற்கட்டி, ஆனது. கொசு போய்விட்டது, கூரை மட்டும் நின்றது. பிரெஞ்சுக்காரர்களிடம் நேர்மாறு. வலை போய்விட்டது, இருக்கை நின்றது. அவர்களுக்குக் ‘கனாப்பே’ என்றால் சோபா. அப்புறம் ஒரு துண்டு ரொட்டியின் மேல் மீனோ சீஸோ ஏறி உட்கார்ந்திருப்பதும் சோபா மாதிரியே தெரிய, அந்தத் தின்பண்டமும் கனாப்பே.

சிறுவயதில் எங்கள் வீட்டுக் கொசுவலைக்கு நாலு ஆணி. நடுராத்திரியில் ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்து, வலை முகத்தில் விழும், உள்ளே மாட்டிய கொசு காதோரம் பாடும். போன மாதம் ஒரு விருந்தில் வெள்ளைக் கையுறைக்காரர் தட்டை நீட்டி, “கனாப்பே, சார்?” என்றபோது கை தானாகக் காதுக்குப் போனது. பிறகு ரெண்டு எடுத்துக்கொண்டேன்.