வாசல் விளக்குக்கும் கிணற்று மோட்டாருக்கும் வெளிப்புற ஸ்மார்ட் பிளக் பொருந்துமா?

காட்பாடியில் உள்ள தனிவீட்டின் வாசல் விளக்குகளையும் ஒரு குதிரைத்திறன் கிணற்று மோட்டாரையும் வெளிப்புற ஸ்மார்ட் பிளக்கால் (வைஃபை வழியே கைப்பேசிச் செயலியால் இயக்கி அணைக்கும் பிளக்) இயக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்குகளுக்கு அது தாராளமாகப் போதும். மோட்டாரை நேரடியாக அதில் செருகுவதை நான் ஏற்கமாட்டேன்.

இத்தகைய மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 5 முதல் 7 ஆம்பியர் வரைதான் இழுக்கும் என்றாலும், கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுப்பதால், பிளக்கினுள் இருக்கும் சிறிய ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின்) தொடுமுனைகள் நாளடைவில் உருகி ஒட்டிக்கொள்ளக்கூடும். அதன்பின் செயலியில் நிறுத்தினாலும் மோட்டார் நிற்காது. ஆகவே பிளக் ஒரு கான்டாக்டரின் (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய ரிலேயின்) சுருளை மட்டும் இயக்கவும், மோட்டாருக்கான மின்சாரம் கான்டாக்டர் வழியே செல்லவும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைத்துக்கொள்ளுங்கள். மின்தடை நீங்கியதும் மோட்டார் தானாக ஓடாதபடி, செயலியில் அணைந்த நிலையைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் கிணறு வற்றியிருப்பது (பாலாற்றங்கரைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?) பிளக்குக்குத் தெரியாது, வறண்ட ஓட்டத்தைத் தடுக்கும் கருவி தனியாக வேண்டும்.

அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் பிளக்குகள் நம் 230 வோல்ட்டுக்கு ஆகா. நீரையும் தூசியையும் தடுக்கும் திறனைக் காட்டும் ஐபி தரத்தில், ஐபி44 தெறிக்கும் நீரை மட்டுமே தாங்கும், ஐபி65 பீய்ச்சும் நீரையும் தாங்கும். எதுவானாலும் வெயிலும் ஐப்பசி மழையும் நேராகப் படாதவாறு சன்ஷேடுக்கு அடியில் பொருத்துவதே நல்லது. வெளிப்புற இணைப்புக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம் இருக்கட்டும். பெரும்பாலான பிளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்குவதால், வாசல்வரை அந்த வைஃபை சிக்னல் எட்டுகிறதா என்று வாங்குமுன் கைப்பேசியில் பார்த்துவிடுங்கள்.