கேள்வி நேரம்: மூன்று மொழி, ஒரே மன்றம்

கேள்வி: மதுரையில் தமிழோடு சௌராஷ்டிரமும் தெலுங்கும் உருதும் பேசுகிறோம். மொழிக்கென்று தொகுதி கிடையாது. இத்தாலியின் வடக்கே ஜெர்மன் மொழியினர் மிகுந்த தென் டைரோல் மாகாணத்தில் மட்டும் மொழிவாரியாக இடம் ஒதுக்குகிறார்களாமே?
– வாசகர், முனிச்சாலை, மதுரை

பதில்: அப்படி முழுதாகச் சொல்ல முடியாது. மாகாண மன்றத்தின் 35 இடங்களும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விகிதாசார முறையில், அதாவது கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படி, நிரப்பப்படுகின்றன. சிறு கூட்டமான லதீன் (பழைய லத்தீன் அல்ல, அங்குள்ள மலைப்பகுதி மொழி) மொழியினருக்கு மட்டும் ஓர் இடம் உறுதி. ஜெர்மன், இத்தாலியருக்கு அப்படி எதுவும் இல்லை.

நம் ஊர்போல் ஒரு பொத்தானோடு வேலை முடியாது. கட்சிப் பட்டியல் ஒன்றைத் தேர்ந்து, அதற்குள்ளேயே நான்கு வேட்பாளர்கள் வரை விருப்ப வாக்கு தரலாம். வேறு பட்டியலில் உள்ளவருக்கும் சேர்த்துத் தர நினைத்தால் அது எடுபடாது. புதிதாகக் குடியேறியவர் உடனே வாக்களிக்கவும் முடியாது. 2023 தேர்தலில், தென் டைரோலை உள்ளடக்கிய பிராந்தியத்தில் தொடர்ந்து நான்கு ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்பது விதி.

மொழிக் கணக்கு முழு வீச்சில் வருவது தேர்தலுக்குப் பிறகுதான். மன்றத்தில் எந்த மொழியினர் எத்தனை பேரோ, அந்த விகிதத்தில்தான் மாகாண அரசும் அமைய வேண்டும். அதற்காகவே வேட்பாளர்கள் தங்கள் மொழிக் குழுவை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். 2023 தேர்தலில் ஜெர்மன் மொழியினரின் பெரிய கட்சி 13 இடங்களே பெற்றது. கூட்டணி தேட வேண்டியதாயிற்று. இத்தாலிய உறுப்பினர்கள் குறைந்தால் அரசிலும் அவர்கள் குரல் மெலியும். எங்கள் பார்வையில் இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் இதுதான்.