மனவுறுதியைப் படகில் விட்டுவிட்டு இறங்குங்கள்

கேள்வி: நீண்டதூரக் கடல் நீச்சல் சாம்பியன்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் குளிர், தீனி, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) என்று கணக்கு வாத்தியார் போலப் பேசுகிறீர்கள். நீச்சல்குளத்தில் பதக்கம் வாங்கும் வேகமும் கொஞ்சம் மனவுறுதியும் இருந்தால் எந்தக் கடலையும் தாண்டிவிடலாமே?

பதில்: வேகம் இருந்தால் நல்லதுதான். மனவுறுதி என்கிறீர்களே, ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதுதான்.

குளிர்நீரில் உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது விரல்கள் ஒன்றுசேராமல் விறைத்து விரிந்துகொள்ளும். கை தண்ணீரைத் தள்ளாது, கிழிக்கும். பிறகு பேச்சு குழறும். அப்போதும் நீந்துபவரைக் கேட்டுப் பாருங்கள், "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். பொய்யில்லை, தன் நிலையைத் தானே எடைபோடும் திறனையும் குளிர் சேர்த்தே பறித்துவிடுகிறது. அதனால்தான் கூடவே துணைக்கு வரும் படகில் இருப்பவர்கள் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணிக் குறித்துக்கொண்டே வருகிறார்கள். 66 இருந்தது 56 ஆனால், வீட்டுக் கதவு எண்ணைக் கேட்பார்கள். பதில் தடுமாறினால் ஆளைத் தூக்கிவிட வேண்டும், அவர் எவ்வளவு மறுத்தாலும். தூக்கியதும் வெந்நீரில் நிறுத்துவதும் கைகால்களைத் தேய்ப்பதும் கூடாது. நீரைவிட்டு வந்த பிறகும் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். படுக்கவைத்து, ஈரத்தைக் களைந்து, கம்பளிகளை அடுக்கி, விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம்.

வெதுவெதுப்பான கடலென்றால் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். 2010 அக்டோபரில் ஃபுஜைராவில் நடந்த 10 கி.மீ. பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் நீந்திக்கொண்டிருக்கும்போதே இறந்தார். அன்று கடல் சுட்டது. 31 டிகிரிக்கு மேல் பந்தயம் கிடையாது என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாக் நீரிணையை 1971இல் போகவரக் கடந்த இலங்கை நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1984இல், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயில் உயிரிழந்தார். இவர்களில் யாருக்கு மனவுறுதி குறைவு?

ஆங்கிலக் கால்வாயில் இறங்க விரும்புகிறவர், 16 டிகிரிக்கு மேற்படாத நீரில் தொடர்ந்து 6 மணி நேரம் நீந்தியதற்கான சான்றைக் காட்ட வேண்டும். சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, உடலில் பூச மசகு. குளிர்காக்கும் ரப்பர் உடை கிடையாது; படகையோ படகிலுள்ளவரையோ பிடித்தால் ஆட்டம் முடிந்தது. கால் மணி நேரத்தில் தொடங்கி மாதக்கணக்கில் உடலைக் குளிருக்குப் பழக்குவதும், கொஞ்சம் கொழுப்பு ஏற்றிக்கொள்வதும் இதற்காகத்தான். குளத்துச் சாம்பியனின் ஒட்டிய வயிறு இங்கே சொத்து அல்ல.

தீனிக் கணக்கு உங்களுக்கு எரிச்சலூட்டுகிறது, தெரிகிறது. ஆனாலும் கேளுங்கள். மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அரைமணிக்கு ஒருமுறை கயிறு கட்டிய பாட்டிலில் வீசுவார்கள். கரைசல் கெட்டியாக இருந்தால் வயிற்றிலேயே தங்கிப் புரட்டும். விழுங்கிய உப்புநீரும் சேர்ந்தால் வாந்திதான். அதற்குப் பிறகு எரிபொருள் இல்லை, எரிபொருள் இல்லையென்றால் உடல் சூடும் இல்லை. உப்பில் நாக்கு வீங்குவதால் இடையிடையே வாய் கொப்புளிக்கவும் ஏதாவது கொடுப்பார்கள். பயிற்சியில் குடித்துப் பழகாத எதையும் அன்றைக்குப் புதிதாகக் கொடுக்கக் கூடாது. 14 மணி நேர நீச்சலில் ஏறக்குறைய 28 முறை தீனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் நின்றால் அரைமணி நேரம் போச்சு. அரை நிமிடத்தில் முடித்தால் கால்மணி மிச்சம்.

கால்மணியில் என்ன இருக்கிறது? கால்வாயின் குறுகிய அகலம் சுமார் 33 கி.மீ. ஓதத்தால் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறுவதால் யாரும் நேர்கோட்டில் போவதில்லை. பாதை வளைந்து நெளிந்து நீள்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் மூர்க்கமாக இருக்கும், அஷ்டமியை ஒட்டித் தணியும். பிரெஞ்சுக் கரையில் கிரி நே முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டம் திரும்புவதற்குள் அதைத் தொட்டால் தப்பித்தீர்கள். தவறினால் கரை கண்ணுக்குத் தெரியத் தெரிய, இன்னும் சில மணி நேரம். உங்கள் குளத்து வேகத்துக்கு இங்கேதான் உண்மையான வேலை. ஒலிம்பிக் 10 கி.மீ. நீந்திய ஜெர்மானியர் ஆண்ட்ரியாஸ் வாஷ்பர்கர் 2023இல் 6 மணி 45 நிமிடத்தில் கடந்தார். 2019இல் அமெரிக்கர் சாரா தாமஸ் இதே கால்வாயை நிற்காமல் நான்கு முறை கடந்தது வேறு வித்தை: 54 மணி 10 நிமிடம். அவர்களில் யார் பெரியவர் என்று அடுத்த வாரம் கேட்டு எழுதிவிடாதீர்கள்!

குளத்துப் பதக்கத்துக்கே வருகிறேன். அமெரிக்கர் கெர்ட்ரூட் எடெர்லே 1924 ஒலிம்பிக்கில் நால்வர் தொடர் நீச்சலில் தங்கம் வாங்கியவர். வேகம் இருந்தது, நீங்கள் சொல்லும் மனவுறுதியும் இருந்தது. 1925இல் கால்வாயில் இறங்கினார். பாதியில் பயிற்சியாளரின் உத்தரவில் தொட்டுத் தூக்கப்பட்டார். மறு ஆண்டு, 1911இல் தானே கால்வாயைக் கடந்திருந்த பர்ஜெஸ்ஸைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு, கண்ணாடியின் ஓரங்களில் தண்ணீர் புகாதபடி மெழுகால் அடைத்துக்கொண்டு, உடலெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கினார். சுமார் 14½ மணி நேரம். அதுவரை எந்த ஆணும் எடுத்த நேரத்தைவிட ஏறத்தாழ 2 மணி நேரம் குறைவு.