அந்தப் படிக்கட்டைப் பற்றிப் பேசுவோம்

அன்பின் அக்காவுக்கு,

எனக்கு 26 வயது. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசையில் கடைசியாக இருக்கும் தொங்கல் வீட்டில் இருக்கிறோம். முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மகன் பிறந்து ஏழு வாரம். கணவருக்கு கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அம்மா குவைத்தில். பிரசவத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை.

என் பிரச்சினை மாமிதான். பிள்ளை சிணுங்கினால் நான் எழும்புவதற்குள் அவர் தூக்கிவிடுகிறார். "பால் பத்தல" என்று வாசல் இஸ்தோப்பில் நின்று பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறார். கிளினிக்கில் எடை நன்றாகக் கூடியிருக்கிறது என்று மிட்வைஃப் மிஸ் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. நான் அழுதால், "நாலு பெத்தேன், ஒரு நாளும் இப்படி ஒக்காந்து அழல" என்கிறார். 30 வருடம் கொழுந்து எடுத்தவர். மலைக்குப் போய் வந்துதான் சமைத்தாராம். நாத்தனார் வந்து பிள்ளை கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் போன் எடுத்தால் பிள்ளையைக் காட்டு என்பார். என்னிடம் "நல்லா இருக்கியா"வோடு சரி. நானும் "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுவேன்.

மாமி என்னை ஒன்றும் செய்யவிடுவதில்லை. இப்போது குளிப்பாட்டுவதுகூட அவர்தான். (நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் படியில் இறங்குவதில்லை. ஒரு நாள் இறங்கும்போது, கையை விட்டால் என்ன ஆகும் என்று கண் முன்னால் படம் மாதிரி வந்தது. அப்புறம் சுடுதண்ணி வாளியைப் பார்த்தாலும் அப்படித்தான். தூக்கமில்லாததால் இருக்கும், அதை விடுங்கள்.) பிள்ளை மாமி கையில் இருந்தால் நிம்மதியாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. என் பிள்ளையை மாமியிடமிருந்து எப்படித் திரும்ப வாங்குவது? தனியாகப் போய்விடலாமா?

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்புத் தங்கச்சிக்கு,

மாமியைப் பற்றி அத்தனை எழுதிவிட்டு, படிக்கட்டைப் பற்றி இரண்டு மூன்று வரியில் "அதை விடுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள். அதை விட முடியாது. இந்தக் கடிதத்தையே அதற்காகத்தான் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் இதைக் கேளுங்கள். புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மாரில் மிகப் பலருக்கு இப்படிப் படங்கள் வரும். கத்தி, அடுப்பு, படி, தண்ணீர் என்று ஆளுக்கு ஒன்று. வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியம் வருவதில்லை, அதனால் எனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருத்தியும் நினைக்கிறாள். பிள்ளைக்கு எங்கே ஆபத்து என்று மனம் ராப்பகலாகத் தேடுகிறது, தேடித் தேடிப் படமாகக் காட்டுகிறது. அது உங்கள் ஆசை இல்லை. ஆசையாக இருந்திருந்தால் பீலிக்கரை வழியையே விட்டிருக்க மாட்டீர்கள்.

ஆனால் அந்த வழியை விட்டதில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது. படியை விட்டீர்கள், வாளியை விட்டீர்கள், பிறகு குளிப்பாட்டுவதும் போனது. ஒவ்வொன்றை விடும்போதும் அப்போதைக்கு நிம்மதி வரும், பயம் ஒரு சுற்றுப் பெருக்கும். நீங்கள் பின்வாங்கிய இடங்களில் மாமி வந்து நின்றிருக்கிறார். பிள்ளையை அவர் பிடுங்கிக்கொண்டார் என்ற உங்கள் வழக்கில் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். பாதியை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். அவர் கையில் இருந்தால் நிம்மதி என்று எழுதியதும் நீங்கள்தானே.

பால் பத்தவில்லை என்று ஊருக்குச் சொல்வது தப்பு. அதை நிறுத்தச் சொல்லுங்கள், கிளினிக் அட்டையில் எடை இருக்கிறது. "ஒரு நாளும் அழல" என்றது உங்களைக் குத்தியிருக்கும். ஆனால் அந்தக் காலத்து மாமியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடியும் முன் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மாவிடம் விட வேண்டும், கொழுந்துக் கூடையோடு மலையேற வேண்டும். உட்கார்ந்து அழ அவருக்கு யார் இடம் கொடுத்தார்கள்? நாலு பெற்றவருக்கு ஒரு பிள்ளையைப் பகல் முழுக்க மடியில் வைத்திருக்க இப்போதுதான் வாய்த்திருக்கிறது. அவர் ஓடி ஓடித் தூக்குவதில் இதுவும் இருக்கலாம்.

சரி, உங்கள் அழுகைக்கு வருகிறேன். பிள்ளை பிறந்த மூன்றாம், நாலாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது. இது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். வைத்தியம் உண்டு, குணமாகும். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. நாத்தனார் பேச்சுக்கெல்லாம் பதில் தேட இது நேரமில்லை.

மிட்வைஃப் மிஸ்ஸிடம் பிள்ளையின் எடையோடு உங்கள் மனதைப் பற்றியும் சொல்லுங்கள், இந்தப் படங்களையும் சேர்த்து. 1987இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் இந்த மனச்சோர்வைக் கண்டறியவென்றே பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கினார்கள். கடைசிக் கேள்வி, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. யார் கேட்டாலும் அதற்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் வரும்போது பயம் வராமல் சரிதான் என்று தோன்றினால், "செய்" என்று குரல் கேட்டால், பிள்ளை தூங்கும்போதும் நாள்கணக்காகத் தூக்கமே வராமல் போனால், சாகலாம் என்று தோன்றினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளையோடு தனியாக இருக்க வேண்டாம், மாமியைக் கூட்டிக்கொண்டு போங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

தனியாகப் போவது இப்போது வேண்டாம். இரவில் எழும்ப இன்னொரு ஆள் இருக்கும் வீடு அது. இன்று இரவு கணவரிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்லாதீர்கள். படிக்கட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் கொழும்பில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

நாளைக் காலையில் மாமியைக் கூப்பிட்டு, "நான் பிடிக்கிறேன், நீங்க தண்ணி ஊத்துங்க" என்று சொல்லுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை உங்கள் காலில் போட்டுக்கொள்ளுங்கள். மாமி வென்னீரை விளாவி, புறங்கையில் விட்டுப் பார்த்து ஊற்றட்டும். அந்தப் படம் அப்போதும் வரும். வந்தால் வரட்டும், நீங்கள் பிள்ளையின் கழுத்து மடிப்பைக் கழுவிக்கொண்டிருங்கள்.

அன்புடன்,
அக்கா